மருதன் இல்ல

புது நாவல் வந்துச்சுன்னா லாத்தா அதைப் படிச்சு முடிச்சுட்டுச் சொல்ற அபிப்பிராயம் ரெண்டே வார்த்தைதான். "மருதன் இல்ல."

கதை எப்படி, நடை எப்படி, முடிவு எப்படி, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் அதே புஸ்தகத்தைப் படிச்சுட்டு, ஆறாம் துறையில நடக்குற சண்டைய நெனச்சு நெனச்சு பூரிச்சுப் போய்க் கெடப்பேன். பேசறதுக்கு ஆள் வேணுமேன்னு காலையில கடைக்கு ஓடியாந்தா, அவங்க மாத்திரை அட்டைய எண்ணிக்கிட்டே தலைய நிமிர்த்தாம அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லிடுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மருந்துக் கடையில நாங்க ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் நெரவிலேருந்து வருவேன். அவங்க திருமலைராயன்பட்டினத்துலேருந்து வருவாங்க, நாங்க சுருக்கமா பட்டினம்போம். அந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகள்ல அக்காவ லாத்தான்னு கூப்புடுவாங்க, நானும் அப்படியே கூப்புட ஆரம்பிச்சுட்டேன். எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு, அவங்களுக்கு நாப்பது இருக்கும். அவங்க பேரு எனக்குத் தெரியும், ஆனா இங்க எழுத மாட்டேன். கேக்காம எழுதுனா அதுக்குன்னு தனியா வாங்கிக் கட்டிக்கணும்.

"ஏழு துறை"ங்கிறது மாசத்துக்கு ஒண்ணுன்னு வந்துக்கிட்டிருந்த விஞ்ஞான நாவல் வரிசை. பஸ் ஸ்டாண்டுப் பேப்பர் கடையில கிளிப்புல தொங்கும். வானத்துல ஏழு எடத்துல ஏழு துறைமுகம், அதுக்கு நடுவுல போய்வர்ற கப்பலுங்க, அதுல வேலை பாக்குற சனங்க. உலகம் ஒண்ணுதான், எழுதுறவங்க மட்டும் ஆறு பேரு. இந்த மாசம் ஒருத்தர் எழுதுனா, அவர் விட்ட எடத்துலேருந்து அடுத்த மாசம் இன்னொருத்தர் எழுதுவாரு. எங்க கடையில அதைப் படிக்கிற பைத்தியம் நாங்க ரெண்டு பேருதான்.

மருதன் யாருன்னா, அதுல வர்ற ஒரு கப்பலோட சமையல்காரன். பெரிய ஆளெல்லாம் இல்ல. பதினோராவது புஸ்தகத்தோட கடைசியில, நாலாம் துறையில கப்பல் நிக்கிறப்ப, தண்ணி புடிச்சுட்டு வர்றேன்னு கேன எடுத்துக்கிட்டு எறங்குவான். அதோட அந்தப் புஸ்தகம் முடிஞ்சுடும். பன்னெண்டாவது புஸ்தகத்தை எழுதுனவரு வேற ஆளு. கப்பல் அஞ்சாம் துறையில போய் நிக்கிது. சமையல்கட்டுல வேற யாரோ ஒருத்தன் கஞ்சி காய்ச்சுறான். மருதன் திரும்பி ஏறுனதா ஒரு வரி கிடையாது. எழுதுனவருக்கு ஞாபகம் இல்ல, அச்சுப் போட்டவங்களுக்கும் ஞாபகம் இல்ல. சத்தியமா சொல்றேன், எனக்கும் இல்ல.

லாத்தாவுக்கு இருந்துச்சு. "ஆள எறக்கி விட்டா ஏத்திக்கிட்டுல்ல புள்ள போவணும்"னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். ஒவ்வொரு மாசமும் புஸ்தகத்தைப் படிச்சு முடிச்சதும் ஒரு போஸ்ட் கார்டு எடுப்பாங்க. எனக்கு அது மனப்பாடம். "ஆசிரியர் அவர்களுக்கு, கோவத்துல எழுதல, கேள்வியா எழுதுறேன். நாலாம் துறையில எறங்குன மருதன் எங்க? இப்படிக்கு, ஒரு வாசகி." பேரு போட மாட்டாங்க, ஊரும் போட மாட்டாங்க. பதில் எங்கேருந்து வரும்?

ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வருதே லாத்தா, அப்புறம் ஏன் கோவத்துல எழுதலன்னு பொய் எழுதுறீங்க?"

"போ புள்ள. அவுஹல்லாம் வெளியாளுவ. ஏச்சு நம்ம ஆளுக்கு. வெளியாள கேள்விதான் கேக்கணும்."

ஏசறதுன்னா திட்டறது. அவங்ககிட்ட அது சாமானியமா கெடைக்காது. சுரக்குடிலேருந்து ஒரு பெரியவரு மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வருவாரு. ஒரு மாசம் வரல. லாத்தா பஸ் கண்டக்டருங்க கிட்டல்லாம் சொல்லி விட்டு விசாரிச்சு, ஒரு ஞாயித்துக்கெழம நேராவே கெளம்பிப் போயிட்டாங்க. பார்த்தா, அவரு மக வீட்டுக்குக் கும்பகோணம் போயிருக்காரு, அவ்வளவுதான். திரும்பி வந்து கடைவாசல்ல நின்னவர லாத்தா புடிச்ச புடி இருக்கே! "எங்க போறோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவத் தெரியாதா? இங்க ஒருத்தி மாத்திரைய எடுத்து வச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டே கெடக்குறா!" தெருவே வேடிக்கை பார்த்துச்சு. பெரியவருக்கு வாயெல்லாம் பல்லு. அதுக்கப்புறம் உள்ளூர் கல்யாணத்துக்குப் போறதுன்னாகூட வந்து சொல்லிட்டுத்தான் போவாரு. என்னையும் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஏசுவாங்க. சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டு வந்ததுக்கு, தலை காயாம பின்னல் போட்டதுக்கு, இப்படி எதுக்காவது. அப்ப எனக்கு எரிச்சலா இருக்கும். எதைக் கையில வச்சிருக்கோம்னு அந்த வயசுல எவளுக்குத் தெரியுது?

பஸ்ல நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். ஒரு தடவை பட்டினத்துலேருந்து காரைக்காலுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். பஸ்ல மூச்சு விட எடமில்ல. ஒரு நிறுத்தத்துல உள்ளேருந்து ஆளு எறங்குறதுக்காக, படிக்கட்டுல நின்ன மீன்காரம்மா கீழ எறங்கி வழி விட்டாங்க. கண்டக்டரு பாக்காம விசில் குடுத்துட்டாரு. கூடை பஸ்ல இருக்கு, ஆளு ரோட்டுல நிக்கிது. நாங்கல்லாம் "அடடா"ன்னோம். லாத்தா "அடடா" சொல்லல. "நிறுத்துய்யா வண்டிய!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, டிரைவரு பிரேக்கு மேலயே ஏறி நின்னுட்டாரு. அந்தம்மா எரைக்க எரைக்க ஓடியாந்து ஏறி, கண்டக்டர, டிரைவர, பஸ் மொதலாளிய, எங்க எல்லாரையும் சேத்து வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. "நிறுத்துனதுக்கு நன்றி சொல்லாம திட்டுறாங்களே"ன்னு நான் முணுமுணுத்தேன்.

"ஏசட்டும், விடு. விட்டுட்டுப் போனோம்ல? ஏசி முடிச்சாத்தான் அவுஹளால நிம்மதியா உக்கார முடியும்"னாங்க லாத்தா. அப்படித்தான் ஆச்சு. ரெண்டு நிறுத்தம் போறதுக்குள்ள அந்தம்மா லாத்தா தோள்ல சாஞ்சுக்கிட்டு வெத்தல மடிச்சுக்கிட்டிருந்தாங்க.

லாத்தா சொந்தத்துல ஒரு நிக்காஹ்வுக்கு என்னையும் கூப்புட்டிருந்தாங்க. அங்க ஒரு பெரிய தட்டுல சோத்தைக் கொட்டி, கறிய நடுவுல வச்சு, நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து சாப்புடுவாங்க. அந்தத் தட்டுக்கு சகன்னு பேரு. எங்க வீட்டுல எலை போட்டா எலை முழுக்க நம்ம ராச்சியம்தானே? அந்த நெனப்புல நான் எனக்கு நேரா இருந்த சோத்தை முடிச்சுட்டு, ருசி இழுத்த பக்கமெல்லாம் கைய விட்டேன். என் பக்கத்துல இருந்த பொண்ணு அழுவுற புள்ளைய அமத்த எந்திரிச்சுப் போயிருந்துச்சு. அது பங்குல இருந்த கறி என் கைக்கு வந்துடுச்சு. லாத்தா என் புறங்கையில பட்டுன்னு ஒரு அடி வச்சாங்க. எனக்கு மானம் போயிடுச்சு.

"ஒம் முன்னால உள்ளத மட்டும் தின்னு புள்ள. அவ வருவா."

அரை மணி நேரம் ஆச்சு அந்தப் பொண்ணு வர. சோறு ஆறிப்போச்சு, மத்தவங்க எல்லாம் சாப்புட்டு முடிச்சாச்சு, ஆனா லாத்தா யாரையும் எந்திரிக்க விடல. அந்தப் பொண்ணு வந்து ஒக்காந்து, தன் பக்கத்துச் சோறு அப்படியே இருக்குறதப் பார்த்துட்டு சாப்புட ஆரம்பிச்சுச்சு. வெளில வந்து கை கழுவுறப்ப லாத்தா சொன்னாங்க, "ஏழு துறை எழுதுறவுஹளுக்கு இதத்தான் சொல்றேன். ஒரே சகன்ல ஆறு பேரு கைய வச்சிருக்கீங்க. எந்திரிச்சுப் போனவன் பங்கு யாரு பொறுப்பு?" நான் எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன் அதுக்கப்புறம். பல பேரு சேந்து எழுதுற கதையப் பத்தி இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல.

இனிமே சொல்றதுல எனக்குப் பெருமை ஒண்ணும் இல்ல.

லாத்தாவோட வீட்டுக்காரரு பிரான்சுல இருந்தாரு. அவரு குடும்பத்துக்கு அந்தக் காலத்துலேருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, காரைக்கால்ல அது அதிசயமில்ல. கல்யாணம் ஆனதும் அவரு மொதல்ல போனாரு, இவங்களுக்கு விசாக் காயிதம் வந்ததும் கூப்புட்டுக்கிறதா பேச்சு. காயிதம் வரல. இந்தச் சீட்டு சரியில்ல, அந்த முத்திரை சரியில்லன்னு வருஷம் ஒம்போது ஓடிப்போச்சு. நடுவுல அவரு மூணு தடவையோ என்னவோ வந்துட்டுப் போனாரு. யாராவது கேட்டா, "இன்ஷா அல்லா, அடுத்த வருசம் ஆயிடும்னு சொல்லிருக்காஹ"ம்பாங்க. மொகத்துல ஒண்ணும் தெரியாது.

அந்த மாசம் எனக்கு நேரம் சரியில்ல. பொண்ணு பாத்துட்டுப் போன எடத்துலேருந்து ரெண்டு மாசமா ஒரு தகவலும் இல்லாம இருந்து, கடைசியில அந்த மாப்பிள்ளைக்கு வேற எடத்துல பத்திரிகையே அடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். மறுநாள் கடைக்கு வந்தா, லாத்தா புஸ்தகத்தை மூடிட்டு "மருதன் இல்ல"ன்னாங்க. கார்டு எடுத்தாங்க. பேனாவத் தொறந்தாங்க. எனக்கு எங்கேருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ.

"போதும் லாத்தா! எழுதுனவனே அவன மறந்துட்டான். யாரும் வரப் போறதில்ல. மருதனுக்கும் வர மாட்டாங்க, உங்களுக்கும் வர மாட்டாங்க."

சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே நாக்க அறுத்துப் போட்டுடலாமான்னு இருந்துச்சு. லாத்தா பேனாவ மூடுனாங்க. எழுதாத கார்ட டிராயர்ல வச்சாங்க. அப்ப பார்த்து இருமல் மருந்து கேட்டு ஒருத்தர் வந்தாரு, எடுத்துக் குடுத்துட்டு, வேளைக்கு எத்தனை மூடின்னு பொறுமையா சொல்லி அனுப்புனாங்க. ஏசுவாங்க, காது கிழிய ஏசுவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை இல்ல. கெளம்புறப்ப, "பாத்துப் போங்க"ன்னாங்க. அதுவரைக்கும் என்னை அவங்க வாங்க போங்கன்னு சொன்னதே கிடையாது.

மறுமாசம் புஸ்தகம் வந்துச்சு. படிச்சாங்க. நானாப் போய்க் கேட்டேன், "எப்படி லாத்தா இருக்கு?"

"நல்லாருக்கு"ன்னாங்க.

அதுக்கு அடுத்த மாசமும் "நல்லாருக்கு." எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் தலை காயாம பின்னல் போட்டுக்கிட்டு வந்தேன், டப்பாவ வேணும்னே வீட்டுல வச்சுட்டு வந்தேன். அவங்க டப்பாவுலேருந்து பாதிய எடுத்து எனக்கு வச்சுட்டு, பேசாம சாப்புட்டாங்க. மன்னிச்சுக்குங்கன்னு சொல்ல நெறைய தடவை வாயெடுத்தேன். என்னமோ வரல. திட்டு விழுந்திருந்தா வந்திருக்கும்.

நாலு மாசம் கழிச்சுக் காயிதம் வந்துடுச்சு. நான் சொன்னது பொய்யாப் போச்சு, அதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். லாத்தா கடையில எல்லாருக்கும் தம்ரூட்டு இனிப்பு குடுத்தாங்க. என்கிட்ட வந்தப்ப, "வியாழக்கெழம கெளம்புறோம். முடிஞ்சா வாங்க"ன்னாங்க. வரேன்னு சொல்லிட்டேன், ஆனா அந்த "வாங்க"தான் என்னைக் கொன்னுச்சு. வியாழக்கெழம லீவு போட்டுட்டு பஸ் ஏறுனேன். பட்டினத்துல பஸ் நின்னுச்சு. ஆளுங்க எறங்குனாங்க, ஏறுனாங்க. கண்டக்டரு என்னைப் பார்த்து, "பட்டினம்தானே கேட்டீங்க?"ன்னாரு. நான் எறங்கல. எந்த மொகத்தை வச்சுக்கிட்டு எறங்குறது? நாகூர் வரைக்கும் போயி, பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரம் ஒக்காந்திருந்துட்டுத் திரும்பி பஸ் ஏறுனேன். பட்டினத்துல ஏறுன ரெண்டு பேரு, லாத்தா வீட்டுக் காரு இப்பத்தான் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

மறுநாள் கடைக்குப் போனா, எனக்குன்னு ஒரு மூட்டை இருந்துச்சு. ஏழு துறை அத்தனையும், ஒண்ணு விடாம, சணல் போட்டுக் கட்டி. எழுதாத அந்தக் கார்டும் பதினோராவது புஸ்தகத்துக்குள்ள இருந்துச்சு. அவங்க தங்கச்சி வீடு பட்டினத்துலதான் இருக்கு, போய் நம்பர் கேட்டா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. இன்னிக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு பன்னெண்டு வருஷம் போச்சு. எனக்கும் கல்யாணம் ஆச்சு, மருந்துக் கடையும் கை மாறிடுச்சு, ஏழு துறையும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் என்ன படிச்சாலும் யார்கிட்டயாவது போய்ச் சொல்லணும்னு தோணும். சொல்லவும் சொல்வேன். எல்லாரும் நல்லாருக்கும்பாங்க. எனக்கு அந்த வார்த்தையே ஆகாமப் போச்சு.

போன வருஷம் ஏழு துறைய நடத்துனவரோட மகன் அதைத் திரும்ப ஆரம்பிச்சாரு, இப்ப போன்ல படிக்கிற மாதிரி. பழைய வாசகர்களும் எழுதி அனுப்பலாம்னு அறிவிப்பு வந்துச்சு. நான் ஒக்காந்துட்டேன். வீட்டுல எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போனப்புறம், அரிசி கொதிக்கிற நேரம், துணி காயிற நேரம்னு எட்டு மாசம் எழுதுனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே கதை அதுதான். நாலாம் துறைக்குக் கப்பல் திரும்பி வருது. மருதன் இத்தன வருஷமா அங்கயே இருக்கான், தலை நரைச்சுப் போச்சு, புடிச்ச தண்ணி கேன்ல இருக்கு. வந்தவங்களப் பார்த்து வாய் நெறையச் சிரிச்சு, கேன எடுத்துக்கிட்டு ஏறிடறான். அந்த எடத்தை எழுதுறப்ப நான் அழுத அழுகைக்கு அடுப்புல சோறு குழைஞ்சு போச்சு. மொதப் பக்கத்துல, "மருதன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்த லாத்தாவுக்கு"ன்னு போட்டேன். கீழ என் பேரும் நெரவின்னு ஊரும் போட்டேன். நான் விலாசம் போடாத ஆளு இல்ல பாருங்க.

ரெண்டு வாரம் முந்தி அது வெளில வந்துச்சு. கீழ வாசகருங்க அபிப்பிராயம் எழுத எடம் இருக்கு. வந்துச்சு, நெறையவே வந்துச்சு. "மருதன் சிரிக்கிற எடம் உருக்கிடுச்சு." "அருமை." "நல்லாருக்கு." நான் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். படிச்சாங்களோ இல்லையோ. எங்க இருக்காங்களோ. ஹயாத்தோட, அதான் உசுரோட, இருக்காங்களான்னு அவங்க பாஷையிலயே ஒரு நெனப்பு வந்துச்சு, சட்டுன்னு போன கீழ வச்சுட்டேன்.

முந்தாநேத்து சாயங்காலம், மாவு அரைச்ச கையோட போன எடுத்துப் பார்க்குறேன். இதுதான் இருந்துச்சு:

"ஆசிரியர் அவர்களுக்கு, எப்பவும் கோவத்துல எழுதல, கேள்வியா எழுதுறேன்னு எழுதுவேன். இந்தத் தடவை கேள்வி இல்ல. கோவத்துலதான் எழுதுறேன். மருதன் இருக்கான், பாத்தேன். ரெண்டு தடவை படிச்சேன். ஆனா இத்தனை வருசம் கழிச்சு வந்தவுஹளப் பாத்து சிரிச்சுக்கிட்டே ஏறிட்டான்னு எழுதிருக்கே, அப்படி யாராவது ஏறுவாங்களா புள்ள? ஒரு வார்த்த ஏச மாட்டானா? வரேன்னு சொன்னவுஹ வரலன்னா வாசலப் பாத்துக்கிட்டு நின்னவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? அன்னிக்கு உனக்காக எங்க வீட்டுக் காரு முக்கா மணி நேரம் நின்னுச்சு. நானா இருந்தா நல்லா ஏசிட்டுத்தான் ஏறுவேன். தண்ணிக் கேன மறக்காம ஏத்துனது சரி. இப்படிக்கு, ஒரு வாசகி."

மாவுக் கைய தொடைச்சுக்காம அடுப்படியில அப்படியே ஒக்காந்துட்டேன். முக்கா மணி நேரம். நான் நாகூர் பஸ் ஸ்டாண்டுல தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்த நேரம் அது. எம் மக ஓடியாந்து, "என்னம்மா, யாராச்சும் மோசமா எழுதிட்டாங்களா?"ன்னு கேட்டுச்சு. "ஆமாண்டி, ரொம்ப மோசமா"ன்னேன். சிரிக்கிறேனா அழுவுறேனான்னு அதுக்கும் புரியல, எனக்கும் தெரியல.

பதில் எழுதுனேன். பெரிசா எழுதி அழிச்சேன், மன்னிப்புக் கேட்டு எழுதி அதையும் அழிச்சேன். கடைசியில "ஏசுங்க லாத்தா"ன்னு மட்டும் போட்டு, ஒரு வாசகிக்கு மட்டும் போற மாதிரி என் நம்பரையும் அனுப்பி வச்சேன்.

ரெண்டு நாளா போன் கைய விட்டு எறங்கல. தெரியாத நம்பர்லேருந்து மணி அடிச்சா மொத அடியிலயே எடுத்துடறேன். நேத்து கிரெடிட் கார்டு வேணுமான்னு கேட்டு ஒரு பொண்ணு கூப்புட்டுச்சு. அது வாயத் தொறக்குறதுக்கு முந்தி நான் "லாத்தா?"ன்னுட்டேன். திட்டு வாங்கறதுக்கு இவ்வளவு ஆசையா ஒருத்தி காத்துக்கிட்டிருந்து நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.